பழைய படைத்துறை ஊர்திகளின் வெப்பமூட்டி

பழைய படைத்துறை ஊர்திகளின் வெப்பமூட்டி என்பது ஜீப், சரக்குந்து, கவச ஊர்தி, டாங்கி முதலியவற்றில் ஓட்டுநர் அறையைச் சூடாக்கவும், முன்கண்ணாடியில் படியும் நீராவியையும் பனியையும் நீக்கவும், கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்பும் முன் சூடேற்றவும் பொருத்தப்பட்ட அமைப்பாகும். படைப்பணியிலிருந்து நீக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படும் ஊர்திகள் நாட்டின் எப்பகுதிக்கும் சென்று சேரக்கூடும். இமயமலைக் குளிரைக் கருதி அமைக்கப்பட்ட ஒரு வெப்பமூட்டி, கன்னியாகுமரி மாவட்டத்துச் சுசீந்திரம் போன்ற வெப்பமான ஊரில் தேவையற்ற பொருளாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் பெரும்பாலான ஊர்திகளில் இவ்வமைப்பு எஞ்சினின் குளிர்விப்புச் சுற்றோடு இணைந்திருப்பதால், அதனைக் கவனியாது விடுவது எஞ்சினையே பாதிக்கும். எரிபொருளை எரித்து இயங்கும் வகையாயின் உயிருக்கும் இடர் உண்டு.

வரலாறு

இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்பான வில்லிஸ் எம்பி, வெப்பமூட்டி இன்றியே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. திறந்த உடற்கூடு, மடக்கக்கூடிய முன்கண்ணாடி, துணிக்கூரை ஆகியவற்றைக் கொண்ட ஊர்தியில் சூடான காற்றைத் தேக்கி வைக்கவும் வழியில்லை. 1941-42 குளிர்காலத்தில் உருசியப் போர்முனையில் செருமானியப் படையினர் பட்ட துன்பமே, குளிர்காலத்தில் ஊர்திகளை இயக்குவது ஒரு தனித் தொழில்நுட்பம் என்பதை உணர்த்தியது. எஞ்சின்களின் அடியில் தீமூட்டிச் சூடேற்றும் நிலை அப்போது ஏற்பட்டது. பின்னர் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டாங்கியின் சூடான குளிர்விப்பு நீரை ரப்பர் குழாய்கள் வழியாக அடுத்த டாங்கிக்குச் செலுத்தி அதனைக் கிளப்பும் முறை உருவாயிற்று. 1944இல் வெளிவந்த பாந்தர் டாங்கியின் இறுதி வடிவங்களில், ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்றையே வீரர்கள் அமரும் அறைக்குத் திருப்பும் ஏற்பாடு இருந்தது.

அமெரிக்காவின் ஸ்டூவர்ட்-வார்னர் நிறுவனம் 1930களில் 'சவுத் விண்ட்' என்னும் பெட்ரோல் வெப்பமூட்டியைப் பொதுமக்களின் கார்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூடிய சிறு அறைக்குள் பெட்ரோலை எரித்து, அவ்வறையின் வெளிச்சுவரின் மீது காற்றைச் செலுத்திச் சூடாக்குவது இதன் முறை. எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதால் படைத்துறைக்கு இது பொருத்தமாக அமைந்தது. கொரியப் போரின்போது எம்38 வகை ஜீப்புகளுக்கு வழங்கப்பட்ட குளிர்காலத் தொகுதியில் மூடிய கூரையோடு இவ்வகை வெப்பமூட்டியும் இடம்பெற்றது. பிரித்தானியப் படையின் லேண்ட் ரோவர்களில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் வெந்நீர் வெப்பமூட்டிகளும், மேற்கு செருமனியின் ஃபோக்ஸ்வாகன் 181 ஊர்தியின் தொடக்க வடிவங்களில் எபர்ஸ்பேச்சர் நிறுவனத்தின் பெட்ரோல் வெப்பமூட்டிகளும் பயன்பட்டன.

இந்தியச் சூழல்

இந்தியப் படை உயர்மலைகளில் ஊர்திகளை இயக்கவேண்டிய நிலை விடுதலைக்கு மறு ஆண்டிலேயே வந்தது. 1948 நவம்பர் 1ஆம் நாள் 3,500 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள சோஜி லா கணவாயில் ஸ்டூவர்ட் டாங்கிகள் போரிட்டன. அவை செல்வதற்கான தடத்தைக் கோவேறு கழுதைப் பாதையிலிருந்து அகலப்படுத்தி அமைத்தவர்கள் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவினர். 1962 அக்டோபரில் ஏஎம்எக்ஸ்-13 வகை டாங்கிகள் வானூர்தி மூலம் 4,300 மீட்டர் உயரத்திலுள்ள சூசுல் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டன.

மகிந்திரா நிறுவனம் 1947 முதல் இந்தியாவில் ஜீப்புகளை ஒருங்கிணைத்தது. செருமனியின் மான் நிறுவன உரிமத்தில் 'சக்திமான்' சரக்குந்து 1959 முதல் 1996 வரையிலும், நிசான் பட்ரோல் ஊர்தியை அடிப்படையாகக் கொண்ட 'ஜோங்கா' 1969 முதல் 1999 வரையிலும் ஜபல்பூரில் தயாரிக்கப்பட்டன. ஜபல்பூர் படைக்கலத் தொழிற்சாலைகளின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஜோங்கா என்னும் பெயராயின. இன்று ஆர்வலர்கள் தேடி வாங்குவது பெரும்பாலும் இவ்வூர்திகளையே. துடுப்பாட்ட வீரர் மகேந்திரசிங் தோனி 2019இல் ஒரு ஜோங்காவை வாங்கியது செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலை 1960களில் விஜயந்தா டாங்கியையும், பின்னர் உருசிய உரிமத்தில் டி-72 டாங்கியையும் (இந்தியப் பெயர் அஜேயா) தயாரித்தது. சோவியத் வடிவமைப்பான டி-72இல் எஞ்சினைக் கிளப்பும் முன் குளிர்விப்பு நீரைச் சூடேற்றும், டீசலில் எரியும் முன்சூடேற்றி உண்டு. ஆண்டு முழுவதும் வியர்வை வடியும் ஆவடியில் பனிநாட்டுக் கருவி ஒன்றைக் கொண்ட டாங்கி உருவானது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வகைகள்

வெப்பத்தை எங்கிருந்து பெறுகின்றன என்பதைக் கொண்டு இவற்றைப் பிரிக்கலாம். எஞ்சினின் குளிர்விப்பு நீரிலிருந்து பெறுவது வெந்நீர் வெப்பமூட்டி. இதுவே மிகப் பரவலானது. காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களில், புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள உறை வழியாகக் காற்றைச் செலுத்திச் சூடாக்குவர். தனியே எரிபொருளை எரித்து வெப்பம் தருவது மூன்றாம் வகை. முன்சூடேற்றியும் ஒருவகை எரிபொருள் வெப்பமூட்டியே. ஆனால் அது முதன்மையாகச் சூடாக்குவது எஞ்சினை.

வெந்நீர் வெப்பமூட்டி இயங்கும் முறை

எரிபொருள் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பு நீரின் வழியாக வீணாக வெளியேறுகிறது. இவ்வீணான வெப்பத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதே வெந்நீர் வெப்பமூட்டி. எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சூடான நீரை ஓட்டுநர் அறையிலுள்ள சிறு ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. மற்றொரு குழாய் நீரைத் தண்ணீர் பம்பின் உறிஞ்சு பக்கத்துக்குத் திருப்புகிறது. இடையில் ஒரு திறப்பான் (டேப்) நீரின் அளவைக் கட்டுப்படுத்தும். சிறு ரேடியேட்டரின் பின்னாலுள்ள மின்விசிறி காற்றைத் தள்ளும்.

எனவே வெப்பமூட்டியைப் பழுது பார்ப்பவர் முதலில் நோக்கவேண்டியது தெர்மோஸ்டாட்டை. எஞ்சின் உரிய சூட்டை அடையும்வரை நீரை ரேடியேட்டருக்குச் செல்லவிடாது தடுக்கும் கதவு இது. பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் 71 முதல் 82 பாகை செல்சியசில் திறக்கும். நம் நாட்டில் "வெயில் ஊருக்கு எதற்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் மிகுதி. அதனால் எஞ்சின் எப்போதும் குறைசூட்டில் ஓடி, எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். எரியாத பெட்ரோல் எண்ணெயோடு கலந்து தேய்மானத்தைக் கூட்டும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே ஒரு குறுக்குவழியை மூடும் வேலையையும் செய்கிறது. அவற்றில் அதை அகற்றினால் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றிவந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். குளிர்ச்சிக்காகச் செய்தது கொதிப்பில் முடியும். ஒரு பாத்திரத்து நீரில் தெர்மோஸ்டாட்டை அடியைத் தொடாதவாறு நூலில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடேற்றினால் அது திறக்கும் பாகையைக் கண்ணால் காணலாம்.

நீரும் குளிர்விப்பு நீர்மமும்

வெப்பமூட்டியின் குழல்கள் மெல்லிய பித்தளையாலோ செம்பாலோ ஆனவை, ஈயப்பற்றால் இணைக்கப்பட்டவை. எஞ்சின் வார்ப்பிரும்பு. வேறுவேறு உலோகங்கள் ஒரே நீரில் இருக்கும்போது மின்வேதி அரிப்பு ஏற்படும். அதனைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் எத்திலீன் கிளைக்கால் கலந்த குளிர்விப்பு நீர்மத்தில் உள்ளன. சரிபாதிக் கலவை ஏறத்தாழ −37 பாகை செல்சியசு வரை உறையாது. உறைபனியே இல்லாத இடங்களில் அவ்வளவு செறிவு தேவையில்லை எனினும், அரிப்பைத் தடுக்க மூன்றில் ஒரு பங்காவது கலப்பது நன்று. ஈயப்பற்றுள்ள பழைய ரேடியேட்டர்களுக்குத் தற்கால கரிம அமில வகை நீர்மங்களைவிட மரபான வகையே ஏற்றது.

கிணற்று நீரையும் குழாய்க் கிணற்று நீரையும் ஊற்றுவது பெரும்பாலான பழுதுகளின் தொடக்கம். உவர்நீரிலுள்ள சுண்ணமும் உப்பும் குழல்களின் உட்புறத்தில் படிகின்றன. எஞ்சினின் பெரிய நீர்வழிகள் இதைச் சில ஆண்டுகள் தாங்கும். வெப்பமூட்டியின் குறுகிய குழல்கள் விரைவில் அடைபடும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு என்பதால், வடித்த பழைய நீர்மத்தைச் சிறுவரும் நாய்களும் அணுகக்கூடிய இடத்தில் திறந்து வைத்தலும் வாய்க்காலில் கொட்டுதலும் கூடாது.

அடைப்பை நீக்க, இரு குழாய்களையும் கழற்றி, நீர் வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிராகக் குறைந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்தவேண்டும். தெருக்குழாயின் முழு வேகத்தையோ, டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரையோ பயன்படுத்தினால் அரைநூற்றாண்டுப் பழைய ஈயப்பற்று விட்டுவிடும். கறை கடினமாயின் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிது நேரம் நிறுத்தி, பின்னர் பலமுறை அலச வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் ஜீப்பின் ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 பவுண்டு அழுத்தத்துக்கே உரியது. கடையில் எளிதாகக் கிடைக்கிறதென்று 13 பவுண்டு மூடியைப் பொருத்தினால், அமைப்பின் மிக மெலிந்த இடம் எதுவோ அது உடையும். அவ்விடம் பெரும்பாலும் ஓட்டுநரின் காலருகேயுள்ள வெப்பமூட்டியே. கொதிநீர் பாதத்தில் பீறிடும்போது மலைப்பாதை வளைவில் ஊர்தியைக் கட்டுப்படுத்துவது அரிது. முன்னறிகுறிகள் உண்டு: அறையில் இனிய வாடை, கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப்பசை போன்ற படலம், கால்விரிப்பில் ஈரம், காரணமின்றிக் குறையும் நீர்மட்டம். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வெப்பமூட்டியைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, நீர்த்தொட்டியில் மூழ்கவைத்து, மென்மையாகக் காற்றூதிக் குமிழி வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

குழாய்களைப் பொறுத்தவரை, வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே ரப்பர் சிதைந்திருக்கலாம். விரலால் அழுத்தும்போது கல்போன்று இறுகியிருந்தாலும், சோறுபோல் குழைந்தாலும் மாற்றிவிடவேண்டியதுதான். புதிய நீர்மம் ஊற்றியபின் திறப்பானைத் திறந்தவாறே எஞ்சினை ஓடவிட்டு, சிறைப்பட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். வெப்பமூட்டி ரேடியேட்டரைவிட உயரத்தில் இருக்கும் ஊர்திகளில் காற்று அங்கேதான் தங்கும். "எல்லாம் மாற்றியும் சூடு வரவில்லை" என்னும் முறையீடுகளில் பல இதனால் எழுபவை.

வெப்பமான ஊர்களில்: சுசீந்திரம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், பழையாற்றின் கரையில் அமைந்துள்ளது சுசீந்திரம். வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது இங்கு அரிது. கடல் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. மணக்குடியில் பழையாறு கடலோடு கலக்கிறது. ஆகவே உப்பு கலந்த காற்றும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளின் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் சூழல் இது.

இத்தகைய ஊரில் ஒழுகும் வெப்பமூட்டிக்குப் பட்டறையில் வழக்கமாகக் கிடைக்கும் தீர்வு, அதற்குச் செல்லும் குழாய்களின் வாயில் மரக்கட்டையோ போல்ட்டோ வைத்து அடைத்துவிடுவது. இது எல்லா எஞ்சின்களுக்கும் பொருந்தாது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வேளையில் வெப்பமூட்டிச் சுற்று வழியாகவே நீர் ஓடும்படி அமைந்த எஞ்சின்கள் உள்ளன. அவற்றில் அச்சுற்றை அடைத்தால் எஞ்சின் தலைப்பகுதியில் நீர் தேங்கி ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும். தற்காலிகமாகத் துண்டிக்க நேர்ந்தால், இரு வாய்களையும் ஒரே குழாயால் இணைத்துச் சுற்றை முழுமையாக வைப்பதே பாதுகாப்பு. அதுவும் ஊர்தியைப் பட்டறைக்குக் கொண்டுசேர்க்கும் வரைதான்.

நாஞ்சில் நாட்டிலும் வெப்பமூட்டிக்கு இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரையையும் பக்கத் திரைகளையும் மூடி ஓட்டும்போது, உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள ஈரம் முன்கண்ணாடியில் படிந்து சாலையை மறைக்கும். சூடான காற்று மிகுதியான ஈரத்தை ஏற்கும் தன்மையுடையது. அதைக் கண்ணாடியின் மீது செலுத்தினால் படலம் மறையும். பழைய ஜீப்புகளில் குளிரூட்டி இல்லாததால், துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதைத் தவிர்க்க இதைவிட்டால் வேறு வழியில்லை. இரண்டாவது, மலையேற்றத்தில் எஞ்சின் சூடு எல்லை மீறத் தொடங்கினால், வெப்பமூட்டியை முழுமையாகத் திறந்து விசிறியை ஓடவிடலாம். அது இரண்டாவது சிறு ரேடியேட்டராகி வெப்பத்தின் ஒரு பகுதியை வெளியேற்றும். ஓட்டுநர் வியர்வையில் நனைவார். ஆனால் எஞ்சின் தலை வளையாமல் தப்பிக்கும். மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களுக்கு ஏறும் பாதைகளில் இது அறிந்துவைக்கத்தக்க முறை.

பயன்படுத்தாத திறப்பான் இறுகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் அதனை முழுமையாகத் திறந்து மூடி, விசிறியைச் சில நிமிடங்கள் ஓட்டுவது போதுமான பராமரிப்பாகும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும் உதகமண்டலத்துக்கு அவ்வூர்தி செல்ல நேர்ந்தால், அப்போதுதான் அதன் முழுப்பயன் தெரியவரும்.

எரிபொருள் வெப்பமூட்டி

எரிபொருள் வெப்பமூட்டியில் இரண்டு காற்றோட்டங்கள் ஒன்றோடொன்று கலவாமல் செல்லவேண்டும்: எரிவதற்கான காற்றும் அதன் புகையும் ஓர் ஓட்டம், அறைக்குள் வரும் தூய காற்று மற்றொன்று. இரண்டையும் பிரிப்பது மெல்லிய தகட்டுச் சுவர் மட்டுமே. பல ஆண்டுகள் சூடாகியும் குளிர்ந்தும், துருப்பிடித்தும் அச்சுவரில் மயிரிழைப் பிளவு விழுந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும். இவ்வளிக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் சேர்வதால், மூச்சு சீராக இருக்கும்போதே உடல் ஆக்சிசன் இன்றித் தவிக்கும். தலைவலி, குமட்டல், உறக்கம் ஆகியவை அறிகுறிகள். இவற்றைப் பயணக்களைப்பு என்று எண்ணிவிடுவதே உயிரிழப்புகளுக்குக் காரணம். காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களின் புகைக்குழாய் உறைக்கும் இதே இடர் பொருந்தும்.

ஆகவே எரியறையைக் கழற்றி, உள்ளே விளக்கு வைத்து இருளில் வெளியிலிருந்து பார்க்கவேண்டும். ஒளிக்கீற்று தெரிந்தால் அவ்வறையை மாற்றவேண்டும். பற்றவைத்து ஒட்டுப்போடுதல் நம்பத்தக்கதன்று. புகைக்குழாய் ஊர்தியின் அடிப்பகுதியைக் கடந்து வெளியே முடிகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். மின்கலத்தால் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் ஒன்றை அறையில் வைப்பது ஊர்தியின் பழமைக்கு ஊறு செய்யாது. ஓட்டுநர் அறையில் வெப்பமூட்டியை எரியவிட்டு உறங்குதல் ஒருபோதும் கூடாது.

நீண்டகாலம் பயன்படுத்தாத எரிபொருள் வெப்பமூட்டியைத் திடீரென எரியவைப்பதும் இடரே. நம் ஊர்களில் காற்று புகும் வாயிலும் புகைக்குழாயிலும் குளவிகள் மண்கூடு கட்டிவிடுகின்றன. எலி பஞ்சையும் தாளையும் சேர்த்துவைக்கும். இவற்றால் காற்றோட்டம் தடைபட்டு எரிதல் முழுமையடையாது. எரியறையில் முன்பே தேங்கிய பெட்ரோல் இருந்தால் சிறு வெடிப்பு ஏற்படலாம். அணைக்கும்போது உடனே மின்னைத் துண்டித்துவிடாமல், எஞ்சிய எரிபொருள் எரிந்து அறை ஆறும்வரை விசிறியை ஓடவிடுதல் வேண்டும்.

எரிபொருளின் மாற்றமும் கருதத்தக்கது. இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025இல் எட்டப்பட்டது. பழைய வெப்பமூட்டிகளின் பம்புத் தகடுகளும் ரப்பர்க் குழாய்களும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பி, பின்னர் வெடிக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுப்பதால் கடலோர ஊர்களில் தொட்டியின் அடியில் நீர் சேர்ந்து துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை இடுவதும், நெடுநாள் நிறுத்தும் முன் எரிபொருளை வடித்துவிடுவதும் நல்லது. டீசலுக்குச் சிக்கல் வேறு: குளிரில் அதிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். லடாக் பகுதிக்கென −33 பாகை செல்சியசு வரை பாயும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்தியது.

மின்னிணைப்பும் கல்நாரும்

வில்லிஸ் எம்பி 6 வோல்ட், எம்38 வகை 24 வோல்ட், பொதுமக்களின் ஜீப்புகள் பெரும்பாலும் 12 வோல்ட். விசிறி மோட்டாரின் வோல்ட் அளவை அதன் தகட்டில் படித்தறியாமல் இணைத்தால் அது கருகும். எரிபொருள் வெப்பமூட்டியில் தீமூட்டும் ஒளிர்முளைக்கும் இது பொருந்தும். பழைய துணியுறைக் கம்பிகள் உதிர்ந்திருந்தால் உரிய பியூசுடன் புதிய கம்பி இடவேண்டும்.

பழைய படைத்துறை ஊர்திகளில் புகைக்குழாய்ச் சுற்றுகளிலும், வெப்பக் குழாய் உறைகளிலும், இணைப்புப் பட்டைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பயன்படுத்தப்பட்டது. அதன் நுண்ணிழைகள் நுரையீரல் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் காரணமாகின்றன. சாம்பல் நிற நார்ச்சுற்றைக் கண்டால் உலர்ந்த நிலையில் சுரண்டவோ கம்பிரசர் காற்றால் ஊதவோ கூடாது. நீர் தெளித்து நனைத்து, ஏற்ற முகக்கவசம் அணிந்து எடுத்து, நெகிழிப்பையில் மூடி அகற்றவேண்டும்.

பழமை காத்தலும் பதிவும்

2021 சூலையில் இந்திய நடுவண் அரசு பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலானவையும், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாதவையுமான ஈருருளி, நாலுருளி ஊர்திகள் இதற்குத் தகுதி பெறும். பதிவெண்ணில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். இவ்வூர்திகளை நாள்தோறும் ஓட்டவோ வணிகத்துக்குப் பயன்படுத்தவோ இயலாது. விதிகள் வெப்பமூட்டியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் வெப்பமூட்டியை அகற்றும்போது முன்தகட்டை வெட்டுவதும், துளைகளை அடைத்துப் பற்றவைப்பதும் உடற்கூட்டில் செய்யும் மாற்றங்களே. அகற்றித்தான் ஆகவேண்டும் எனில் வெட்டாமல் கழற்றி, திருகாணிகளோடும் தயாரிப்பாளர் தகட்டோடும் எண்ணெய் பூசி உலர்ந்த இடத்தில் வைத்திருப்பது மீட்டமைப்போரின் வழக்கம். எரிபொருள் வெப்பமூட்டியின் எரியறை பிளவுபட்டு மாற்றுப்பொருள் கிடைக்காத நிலையில், எரிபொருள் இணைப்பை நிலையாகத் துண்டித்துக் கருவியைக் காட்சிக்காக மட்டும் அதன் இடத்தில் பொருத்தி வைப்போரும் உண்டு. அவ்வாறு செய்தால் அது இயங்காது என்பதை எழுதிய அட்டை ஒன்றைத் திறவுப்பொத்தானிலேயே கட்டித் தொங்கவிட வேண்டும்.